நுண்ணலை ஆய்வகத்தில் அளக்கப் பழகுதல்: தொடங்குவோருக்கான வழிகாட்டி

மின்னணுவியல் படிக்கும் மாணவர் மல்டிமீட்டரையும் ஆஸிலோஸ்கோப்பையும் ஓரிரு பருவங்களில் நன்றாகவே கையாளப் பழகிவிடுகிறார். அதே மாணவரிடம் 3 கிகாஹெர்ட்ஸ் வடிகட்டி ஒன்றைக் கொடுத்து அளந்து வரச் சொன்னால், திரையில் ஏதோ ஒரு வளைகோடு வந்துவிடும். ஆனால் அது வடிகட்டியின் குணமா, அதை இணைத்த கேபிளின் குணமா என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடிவதில்லை. குறைந்த அதிர்வெண்ணில் இணைப்புக் கம்பியை யாரும் கணக்கில் கொள்வதில்லை. நுண்ணலையிலோ அந்தக் கம்பியும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. டெஃப்லான் மின்காப்புக் கொண்ட கேபிளுக்குள் 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர்தான் என்பதால், கேபிளின் நீளம் 1 மில்லிமீட்டர் மாறினாலே அலையின் கட்டம் (ஃபேஸ்) 17 பாகை மாறிவிடுகிறது.

இந்தத் துறையில் அளக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோர் இரண்டு பழக்கங்களை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் நின்று அளக்கிறோம், அதாவது அளவீட்டுத் தளம் கேபிளின் எந்த முனையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் வரைந்து குறித்துக்கொள்வது முதலாவது. பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, வரவேண்டிய விடையைத் தோராயமாகக் கணக்கிட்டு நோட்டில் எழுதிவைப்பது இரண்டாவது. கீழே சொல்லப்படும் பயிற்சிகள் எல்லாம் இந்த இரண்டாவது பழக்கத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. விடை முன்கூட்டியே தெரிந்த பொருளை அளந்து பார்த்தால்தான், தெரியாத பொருளை அளக்கும்போது கருவியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

முதலில் மனத்தில் நிற்க வேண்டிய எண்கள் சில உண்டு. டிபி என்பது இரண்டு திறன்களின் விகிதத்தை மடக்கையில் சொல்லும் அலகு, டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் திறன். ஆகவே 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். 3 டிபி கூடினால் திறன் ஏறத்தாழ இரு மடங்கு, 10 டிபி கூடினால் பத்து மடங்கு. ரிட்டர்ன் லாஸ் (அனுப்பிய அலையைவிடத் திரும்பும் அலை எவ்வளவு தாழ்ந்தது என்பது) 20 டிபி என்றால் எதிரொளிப்புக் கெழு (திரும்பும் அலைக்கும் போகும் அலைக்கும் உள்ள விகிதம்) 0.1, நிலையலை விகிதம் (கோட்டில் நிற்கும் அலையின் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள விகிதம்) 1.22, 10 டிபி என்றால் விகிதம் 1.92. 290 கெல்வின் வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸ் பட்டையகலத்துக்கான வெப்ப இரைச்சல் −174 டிபிஎம். இவற்றைப் பார்த்துப் பார்த்துக் கணக்கிடுபவரால் அளவீட்டின் நடுவே சந்தேகப்பட முடியாது. சந்தேகப்படத் தெரியாதவர் தவறான எண்ணை நல்ல எண் என்று எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார்.

கனெக்டர்

நூல்கள் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. ஆய்வகத்தில் கெட்டுப்போகும் அளவீடுகளில் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது என்பதால், பயிற்சியின் முதல் அமர்வு முழுவதையும் கனெக்டருக்கே கொடுப்பது தகும்.

என்-வகைக் கனெக்டர் பொதுவாக 18 கிகாஹெர்ட்ஸ் வரை பயன்படுகிறது. எஸ்எம்ஏ-வும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். 3.5 மில்லிமீட்டர் வகை 26.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலும், 2.92 மில்லிமீட்டர் வகை 40 வரையிலும், 2.4 மில்லிமீட்டர் வகை 50 வரையிலும் செல்லும். இவற்றுள் எஸ்எம்ஏ, 3.5, 2.92 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும். பொருந்துவது வசதிதான், ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. எஸ்எம்ஏ-வின் உள்ளே டெஃப்லான் நிரம்பியிருக்கும், 3.5 மில்லிமீட்டரில் காற்று மட்டுமே இருக்கும். மலிவான எஸ்எம்ஏ ஆண் கனெக்டரின் நடு ஊசி சில வேளைகளில் இணைப்புத் தளத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அதை விலை உயர்ந்த 3.5 மில்லிமீட்டர் பெண் கனெக்டரில் திருகினால் உள்ளே இருக்கும் நுண்ணிய விரல்கள் விரிந்து நிரந்தரமாகச் சேதமடையும். கருவியின் போர்ட்டில் எப்போதும் ஒரு சேவர் அடாப்டரை மாட்டி வைப்பது இதற்காகத்தான்: தேய்வதும் உடைவதும் அந்த அடாப்டரோடு நின்றுவிடும்.

இணைக்கும் முறையை மெதுவாகச் செய்து பழக வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இரு முகங்களையும் பாருங்கள். மரையிலிருந்து உதிர்ந்த உலோகத் துகள், டெஃப்லானின் மேல் படிந்த தூசு, ஒரு பக்கம் சாய்ந்த ஊசி ஆகியவை கண்ணுக்கே தெரியும். அழுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் முகத்தை மட்டும் துடைத்து, உலர்ந்த அழுத்தக் காற்றால் ஊதிவிடுங்கள். பிறகு இரு கனெக்டர்களையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து, நட்டை மட்டும் விரலால் சுழற்ற வேண்டும். கனெக்டரின் உடலைச் சுழற்றினால் நடு ஊசி மறுபக்கத்து விரல்களுக்குள் உராய்ந்துகொண்டே சுற்றும். பார்வைக்குச் சரியாக இணைந்ததுபோல் தோன்றும் அந்த இணைப்பு, நாளடைவில் பொன்முலாமை உரித்துவிடும். கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சு கொண்டு செய்யுங்கள். எஸ்எம்ஏ-வுக்கு வழக்கமாக 0.56 நியூட்டன் மீட்டர், துருப்பிடிக்கா எஃகாலான 3.5 மில்லிமீட்டருக்கு 0.9, என்-வகைக்கு 1.36. ரெஞ்சு மடங்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்த வேண்டும், முழுவதும் மடங்கும்வரை அழுத்தக் கூடாது. மறு கையில் உள்ள ஸ்பானர் உடல் சுழலாதபடி பிடித்துக்கொள்ள மட்டுமே. ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கம் கிடைத்தால்தான் அளவீடு மறுபடியும் அதே விடையைத் தரும்.

கேபிளைக் கூர்மையாக வளைக்காமல், காலிப்ரேஷனின்போது (மதிப்புத் தெரிந்த பொருள்களைக் கொண்டு கருவியின் பிழைகளைத் திருத்தும்போது) எப்படிக் கிடந்ததோ ஏறத்தாழ அப்படியே அளவீட்டின்போதும் கிடக்கும்படி மேசையை ஒழுங்கு செய்துகொள்வதும் இதைச் சேர்ந்ததே.

நெட்வொர்க் அனலைசரில் முதல் அளவீடு

வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்பது ஒரு பொருளுக்குள் அலையை அனுப்பி, அதிலிருந்து திரும்புவதையும் அதைக் கடந்து செல்வதையும் அளக்கும் கருவி. பல்கலைக்கழகத்தின் பெரிய கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நானோவிஎன்ஏ போன்ற உள்ளங்கைக் கருவியில் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. அதன் எல்லைகளை மட்டும் அறிந்திருக்க வேண்டும். முதல் வடிவமைப்பில் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அடிப்படைச் சைகையின் ஹார்மோனிக்குகளை (அதன் மடங்கு அதிர்வெண்களை) கொண்டே அளப்பதால், அதற்கு மேல் இயங்கு வரம்பு (அளக்கக்கூடிய பெரிய, சிறிய சைகைகளுக்கு இடையிலான இடைவெளி) குறையும். அது எஸ்11 (முதல் போர்ட்டுக்கே திரும்பும் அலை), எஸ்21 (பொருளைக் கடந்து இரண்டாம் போர்ட்டுக்குச் செல்லும் அலை) ஆகிய இரண்டை மட்டுமே அளக்கும். எதிர்த்திசையில் இவற்றுக்கு இணையான எஸ்22, எஸ்12 வேண்டுமானால் பொருளைத் திருப்பி இணைக்க வேண்டும். இரண்டாம் போர்ட்டின் பொருத்தமின்மை முழுவதுமாகத் திருத்தப்படுவதில்லை என்பதால், அந்தப் போர்ட்டின் முன் தரமான 6 அல்லது 10 டிபி அட்டெனுவேட்டர் (சைகையின் திறனைக் குறைக்கும் உறுப்பு) ஒன்றை மாட்டிவிட்டுக் காலிப்ரேஷன் செய்வது வடிகட்டி அளவீடுகளில் நன்றாகப் பலன் தரும்.

காலிப்ரேஷனுக்கு ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைத்த முனை), லோடு (50 ஓம் தடை) என்று மூன்று நியமங்கள், அதாவது மதிப்புத் தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்கள், எதற்கு? ஒரே போர்ட்டில் அளக்கும்போது கருவி செய்யும் முறையான பிழைகள் மூன்று: போகும் அலையையும் திரும்பும் அலையையும் முழுமையாகப் பிரிக்க முடியாமை, மூலத்தின் பொருத்தமின்மை, அதிர்வெண்ணோடு மாறும் உணர்திறன். மூன்று அறியாக் கணியங்களுக்கு மூன்று சமன்பாடுகள் தேவை. ஒவ்வொரு நியமமும் ஒரு சமன்பாட்டைத் தருகிறது. இதை ஒருமுறை தாளில் எழுதித் தீர்த்துப் பார்ப்பவருக்கு, காலிப்ரேஷன் என்பது பொத்தான் வரிசையாகத் தோன்றாது. இரண்டு போர்ட்டுகளுக்கு விரியும்போது பிழை உறுப்புகள் 12 ஆகின்றன. த்ரூ என்னும் நேரடி இணைப்பு நான்காம் நியமமாகச் சேர்கிறது.

கருவியைக் குறைந்தது அரை மணி நேரம் இயங்கவிட்டுச் சூடேற விடுங்கள். அதிர்வெண் எல்லை, புள்ளிகளின் எண்ணிக்கை, ஐஎஃப் பட்டையகலம் (கருவியின் ஏற்பி உள்ளே விடும் அதிர்வெண் அகலம்), வெளியீட்டுத் திறன் ஆகியவற்றை முதலில் நிலைப்படுத்திவிட்டு, அதன் பிறகே காலிப்ரேஷனைத் தொடங்குங்கள். ஐஎஃப் பட்டையகலத்தை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் இரைச்சல் தளம் (சைகை இல்லாதபோதும் கருவி காட்டும் இரைச்சலின் மட்டம்) 10 டிபி இறங்கும், ஸ்வீப், அதாவது அதிர்வெண் எல்லை முழுவதையும் ஒருமுறை அளப்பது, அதற்கேற்ப மெதுவாகும். கையில் உள்ள காலிப்ரேஷன் கிட்டின் பெயரே மெனுவிலும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆணுக்குப் பெண் மாறியிருந்தாலும் விடை கெடும்.

முடித்த பிறகு ஓப்பனை மறுபடியும் மாட்டிப் பார்க்கும் பலர் திகைப்பது வழக்கம். ஸ்மித் வரைபடம் எதிரொளிப்பை ஒரு வட்டத்துக்குள் புள்ளியாகக் காட்டுவது; அதன் வலது விளிம்பு ஓப்பன், இடது விளிம்பு ஷார்ட். அந்த வலது விளிம்பில் ஒற்றைப் புள்ளியை எதிர்பார்த்திருக்க, திரையில் விளிம்பையொட்டிக் கடிகாரத் திசையில் நீளும் ஒரு வில் தெரியும். காலிப்ரேஷன் தவறிவிட்டது என்று எண்ணி அவர்கள் மறுபடியும் தொடங்குகிறார்கள். உண்மையில் அந்த வில்தான் சரி. கிட்டில் உள்ள ஓப்பனுக்குள் சிறிது நீளக் குழாயும், அதன் முனையில் சிறிதளவு கொள்திறனும் உண்டு. 5 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அலை போய்த் திரும்ப 10 மில்லிமீட்டர்; 6 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 50 மில்லிமீட்டர்; ஆகவே 72 பாகைச் சுழற்சி வந்தே தீர வேண்டும். கொள்திறன் அதை இன்னும் சற்றுக் கூட்டும். அளவீட்டுத் தளம் கனெக்டரின் முகத்தில் இருக்கிறது, ஓப்பன் அதைத் தாண்டி உள்ளே இருக்கிறது என்பதை இந்த ஒரு வில் கண்முன் காட்டிவிடுகிறது. பேராசிரியர்கள் இதை விளக்காமல் கடந்துபோவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் ஒன்று. அளவீட்டுத் தளம் என்ற கருத்தைப் புரிய வைக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமைவதில்லை.

காலிப்ரேஷன் செய்த அதே நியமங்களைக் கொண்டு அதைச் சரிபார்த்தால் பெரிதாக எதுவும் நிரூபணமாகாது. வேறு பொருள் வேண்டும். 6 டிபி அட்டெனுவேட்டர் ஒன்றின் மறுமுனையைத் திறந்துவிட்டு எஸ்11-ஐப் பாருங்கள். அலை போகும்போது 6, திரும்பும்போது 6 என ரிட்டர்ன் லாஸ் 12 டிபி வர வேண்டும். 10 டிபி அட்டெனுவேட்டரின் முனையில் ஷார்ட்டை மாட்டினால் 20 டிபி. குறைந்த அதிர்வெண்களில் ஒரு டீ இணைப்பில் இரண்டு 50 ஓம் லோடுகளை மாட்டினால் 25 ஓம், அதாவது 9.5 டிபி. விடைகள் ஓரிரு பத்தில் பங்கு டிபிக்குள் ஒத்துவந்தால் மேலே செல்லலாம்.

அடுத்து, 1 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளை எடுத்து, மறுமுனையைத் திறந்துவிட்டு இணையுங்கள். அதன் வேகக் காரணி 0.66. கால் அலைநீளம் 1 மீட்டராகும் அதிர்வெண் 49.5 மெகாஹெர்ட்ஸ் என்று கணக்கு சொல்கிறது. அங்கே திறந்த முனை, கருவியின் பக்கத்தில் ஷார்ட்டாகத் தோன்ற வேண்டும். ஸ்மித் வரைபடத்தில் புள்ளி இடது விளிம்பைத் தொடும் அதிர்வெண்ணைப் படியுங்கள். சற்று விலகினால் கேபிளின் உண்மையான நீளத்தையும் கனெக்டரின் நீளத்தையும் அளந்து பாருங்கள். பிறகு வரைபடத்தில் வட்டம் சுற்றச் சுற்ற உள்நோக்கிச் சுருங்குவதைக் கவனியுங்கள்: அதுவே கேபிளின் இழப்பு. அலை இரு முறை பயணிப்பதால், ரிட்டர்ன் லாஸில் பாதியே ஒருவழி இழப்பு. அதிர்வெண் நான்கு மடங்கானால் இழப்பு இரு மடங்குக்குச் சற்று மேல் ஆவதையும் இதே வளைகோட்டில் படித்துக்கொள்ளலாம். பொறியாளர் ஸ்மித் 1939-இல் வெளியிட்ட இந்த வரைபடத்தைப் பாடப்புத்தகத்தில் பென்சிலால் நிரப்பியவர்களுக்கு, அது தானாக நகர்வதைத் திரையில் காண்பது தனி மகிழ்ச்சி தரும்.

நல்ல பொருத்தமுள்ள பொருளை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. காலிப்ரேஷனுக்குப் பின் எஞ்சியிருக்கும் டைரக்டிவிட்டி (போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரிக்கும் திறன்) 40 டிபி என்று கொள்வோம். 30 டிபி ரிட்டர்ன் லாஸ் உள்ள பொருளை அளந்தால், இரண்டு எதிரொளிப்புகளும் ஒன்றோடொன்று கூடியோ கழிந்தோ 27.6-இலிருந்து 33.3 டிபி வரை எந்த எண்ணும் திரையில் வரலாம். ஆகவே 30.42 டிபி என்று இரண்டு தசம இடங்களுக்கு அறிக்கையில் எழுதுவது பொருளற்றது.

அலைவழி மேசை

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் நுண்ணலை ஆய்வகங்களில் எக்ஸ்-பேண்டு (ஏறத்தாழ 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ்) மேசையை இன்றும் காணலாம்: அலையை உண்டாக்கும் ரிஃப்ளெக்ஸ் கிளைஸ்ட்ரான் அல்லது கன் டையோடு, அலையை ஒரு திசையில் மட்டும் விடும் ஐசொலேட்டர், அதிர்வெண் மீட்டர், அட்டெனுவேட்டர், பிளவுள்ள அலைவழி (புரோபை நகர்த்த நீளவாக்கில் பிளவிட்ட உலோகக் குழாய்), டிடெக்டர், நிலையலை விகிதத்தைக் காட்டும் விஎஸ்டபிள்யூஆர் மீட்டர். பழைய கருவி என்று இதை ஒதுக்குவோருடன் நான் உடன்படுவதில்லை. நிலையலையைக் கையால் தொட்டு நகர்த்திப் பார்க்கும் வாய்ப்பு வேறெந்தக் கருவியிலும் இல்லை.

கிளைஸ்ட்ரானுக்கு முதலில் விசிறியைப் போட்டு, ரிப்பெல்லர் மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் உச்சத்தில் வைத்த பிறகே பீம் மின்னழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். இயங்கும் மேசையின் திறந்த முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. அலைவழியின் அகலம் 22.86 மில்லிமீட்டர் என்பதால், வெட்டு அலைநீளம் (இதைவிட நீண்ட அலை குழாயில் செல்லாது) அதன் இரு மடங்கான 45.72. 10 கிகாஹெர்ட்ஸில் காற்று அலைநீளம் 29.98 மில்லிமீட்டர், கணக்கிட்டால் அலைவழிக்குள் அலைநீளம் 39.7 மில்லிமீட்டர் வரும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு சிறுமங்களுக்கு இடையே 19.85 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை நோட்டில் எழுதிவிட்டு வெர்னியரைப் படியுங்கள். பெருமம் மழுங்கலாகவும் சிறுமம் கூர்மையாகவும் இருப்பதால் எப்போதும் சிறுமத்தையே குறிக்க வேண்டும். புரோபை ஆழமாக இறக்கினால் அது புலத்தையே குலைத்துவிடும். மீட்டர் படிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் இறக்குங்கள். டிடெக்டர் வர்க்க விதிப்படி, அதாவது திறனுக்கு நேர்விகிதமாக வெளியீடு தரும்படி, நடப்பது ஏறத்தாழ −20 டிபிஎம்முக்குக் கீழேதான் என்பதால், திறனையும் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெக்ட்ரம் அனலைசர்

ஒரு சைகையில் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் இருக்கிறது என்று காட்டும் இந்தக் கருவியில் முதல் பாடம் அதை எரிக்காமல் இருப்பது. உள்ளீட்டின் அருகே அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு எண்களை, அதாவது உச்சத் திறனையும் அனுமதிக்கப்பட்ட டிசி மின்னழுத்தத்தையும் படிக்காமல் எதையும் இணைக்கக் கூடாது. உடலின் நிலைமின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டை அணிவது, ஆன்டெனாவிலிருந்து வரும் நீண்ட கேபிளை இணைக்குமுன் அதில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்குவது, தேவையான இடத்தில் டிசி மின்னழுத்தத்தைத் தடுக்கும் டிசி பிளாக் மாட்டுவது ஆகியவையும் அவ்வாறே.

5 வாட் வாக்கி-டாக்கி ஒன்றின் ஹார்மோனிக்குகளை அளக்க வேண்டும் என்று கொள்வோம். 5 வாட் என்பது 37 டிபிஎம். 30 டிபி அட்டெனுவேட்டர் மாட்டினால் 7 டிபிஎம் வரும், 40 டிபி மாட்டினால் −3 டிபிஎம். கழித்தல் கணக்கோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அட்டெனுவேட்டர் 5 வாட்டைத் தாங்குமா என்று பார்ப்பதில்லை. 2 வாட் அட்டெனுவேட்டர் சில நொடிகளில் கருகி மதிப்பு மாறினால் அடுத்துப் பாதிக்கப்படுவது அனலைசரின் மிக்சர் (உள்ளே அதிர்வெண்ணை மாற்றும் உறுப்பு). 10 வாட் தாங்கும் 40 டிபி அட்டெனுவேட்டரே இங்கு பொருத்தம்.

இப்போது இரண்டாம் ஹார்மோனிக், முதன்மைச் சைகையைவிட 60 டிபி கீழே தெரிகிறது. அது வாக்கி-டாக்கியிலிருந்து வருகிறதா, அனலைசரின் மிக்சருக்குள்ளேயே பிறக்கிறதா? அனலைசரின் உள் அட்டெனுவேட்டரை 10 டிபி கூட்டுங்கள். கருவி தானே ஈடுசெய்துகொள்வதால், உண்மையான சைகையின் உயரம் திரையில் மாறாது. ஹார்மோனிக்கின் உயரம் குறைந்தால் அதில் ஒரு பங்கு கருவியே உண்டாக்கியது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹார்மோனிக் எண் எதையும் அறிக்கையில் எழுத வேண்டாம்.

ஆர்பிடபிள்யூ எனப்படும் பிரிதிறன் பட்டையகலத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் இரைச்சல் தளம் 10 டிபி இறங்கும், தூய சைகை அதே உயரத்தில் நிற்கும். எது இரைச்சல், எது சைகை என்று பிரித்தறிய இதுவே எளிய வழி. சிறிய சைகை இரைச்சல் தளத்துக்கு மிக அருகே இருந்தால் இரண்டும் கூடியே திரையில் தெரிகின்றன. இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில் சைகை 3 டிபி உயர்ந்து காணப்படும்.

திறனும் இரைச்சலும்

துல்லியமான திறனுக்கு ஸ்பெக்ட்ரம் அனலைசரை நம்பாமல் பவர் மீட்டரைப் பயன்படுத்துங்கள். அங்கும் பொருத்தமின்மை விடாது. மூலத்தின் எதிரொளிப்புக் கெழு 0.2, சென்சாருடையது 0.1 என்றால், கட்டம் தெரியாத காரணத்தால் மட்டுமே ஏறத்தாழ 0.17 டிபி கூடவோ குறையவோ செய்யலாம். மூலத்தின் முனையில் ஒரு நல்ல அட்டெனுவேட்டரை வைத்தால் இந்த ஐயம் சுருங்கும்.

ஆம்ப்ளிஃபையரை அளக்கும்போது நெட்வொர்க் அனலைசரின் வெளியீட்டை முதலிலேயே தாழ்த்திக்கொள்ளுங்கள். 20 டிபி பெருக்கம் உள்ள ஒன்றுக்கு −30 டிபிஎம்மில் தொடங்கி, 1 டிபி படிகளாக ஏற்றி, பெருக்கம் 1 டிபி குறையும் இடத்தைக் குறிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் தானே எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது என்று சொல்லும் இரைச்சல் எண்ணுக்கு ஒய்-காரணி முறை: இரைச்சல் மூலத்தை அணைத்தும் எரியவிட்டும் வெளியீட்டின் விகிதத்தை எடுக்க வேண்டும். மூலத்தின் மிகை இரைச்சல் 15 டிபி, ஒய்-காரணி 10 டிபி என்றால், 15 டிபி என்பது 31.6 மடங்கு, 10 டிபி என்பது 10 மடங்கு; 31.6-ஐ, பத்தில் ஒன்று கழித்த 9-ஆல் வகுத்து 3.5, அதாவது 5.5 டிபி. இதில் அளக்கும் கருவியின் சொந்த இரைச்சலும் கலந்திருக்கிறது. தொடராக இணைந்த உறுப்புகளின் இரைச்சலைக் கணக்கிடும் ஃபிரீஸ் சூத்திரத்தின்படி அதைக் கழித்தாக வேண்டும். பெருக்கம் குறைந்த ஆம்ப்ளிஃபையரில் இந்தக் கழித்தல் பெரியதாக இருக்கும். அறையில் ஓடும் கைபேசிகளின் சைகை உள்ளே புகுந்தாலும் விடை கெடும் என்பதால், சோதனைப் பொருளை உலோகப் பெட்டிக்குள் வைப்பது நல்லது.

பலகையின் மேல் அளத்தல்

கனெக்டர் இல்லாத உறுப்பு, உதாரணமாக அச்சுச் சுற்றுப் பலகையில் பற்றவைத்த ஒரு டிரான்சிஸ்டர், அடுத்த படி. இங்கே அளவீட்டுத் தளம் கேபிளின் முனையில் இருந்து பயனில்லை, டிரான்சிஸ்டரின் கால்களுக்கு நகர வேண்டும். எங்கன், ஹோயர் ஆகிய இருவர் 1979-இல் வெளியிட்ட டிஆர்எல் (த்ரூ, ரிஃப்ளெக்ட், லைன்) காலிப்ரேஷன் முறை இதற்கு உகந்தது. இதற்கான நியமங்களை அதே பலகையில் நாமே செதுக்கிக்கொள்ளலாம்: ஒரு நேரடி இணைப்பு, இரு பக்கமும் ஒரேமாதிரியான ஓர் எதிரொளிப்பான், நேரடி இணைப்பைவிடச் சற்று நீண்ட ஒரு கோடு. கோட்டின் கூடுதல் நீளம் 20 பாகைக்கும் 160 பாகைக்கும் இடையில் கட்ட வேறுபாடு தர வேண்டும் என்பது விதி; ஆகவே ஒரு கோடு எட்டு மடங்கு அதிர்வெண் எல்லையைத் தாங்கும். 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) பலகையில் 50 ஓம் கோட்டின் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், பயனுறு மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 3.3. 3 கிகாஹெர்ட்ஸை நடுவில் வைத்தால் கால் அலைநீளம் 14 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கூடுதல் நீளம் ஏறத்தாழ 0.67-இலிருந்து 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை போதும். நியமங்களையும் சோதனைப் பலகையையும் ஒரே தாளில், ஒரே வகைக் கனெக்டர்களோடு, ஒரே முறையில் அச்சிடச் சொல்லுங்கள். எஃப்ஆர்4-இன் மின்காப்பு மாறிலி தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பதால், வேறு நாளில் வேறு தாளில் செய்த நியமம் இந்தப் பலகைக்குப் பொருந்தாது.